கடலை எண்ணெய்க்கு ஒரு ஈஸ்ட்

நிலக்கடலை விதையில் எண்ணெய் உருவாகும் கடைசிப் படியைச் செய்வது டிஜிஏடி1 என்ற நொதி. அதன் ஜீனை ஈஸ்டுக்குள் வைத்து, நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளப்பதுதான் எனக்கு வந்த வேலை. மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பத்து மாதம் ஆயிற்று.

சாதாரண ஈஸ்ட் இதற்கு உதவாது, அதுவே கொழுப்பு சேர்த்துக்கொள்ளும். எச்1246 என்ற ஈஸ்ட் வகையில், சேமிப்புக் கொழுப்பை உருவாக்கும் டிஜிஏ1, எல்ஆர்ஓ1, ஏஆர்இ1, ஏஆர்இ2 ஆகிய நான்கு ஜீன்களும் கிடையாது. சேமிப்புக் கொழுப்பே இல்லாமலும் அது நன்றாக வளர்கிறது என்று 2002-இல் காட்டினார்கள். ஆக, அதில் ட்ரைகிளிசரைடு, அதாவது எண்ணெயின் முக்கியக் கொழுப்பு, தெரிந்தால் அது நாம் வைத்த நொதி செய்தது.

முதல் இரண்டு முறை ஒன்றுமே தெரியவில்லை. ஜீன் இருந்தது, கேலக்டோஸ் என்ற சர்க்கரை கொடுத்தால் விழிக்கும் புரோமோட்டரின் (ஜீனை இயக்கும் சுவிட்சின்) கீழே. நானோ முந்தின இரவு குளுக்கோஸில் வளர்த்து, கழுவாமல் அப்படியே கேலக்டோஸ் ஊடகத்தில் ஊற்றியிருந்தேன். குளுக்கோஸ் மிச்சம் இருக்கும்வரை அந்தப் புரோமோட்டர் அசையாது. அப்புறம் அதை அப்படித் தடுக்காத ராஃபினோஸ் என்ற சர்க்கரையில் வளர்த்து, கேலக்டோஸுக்கு மாற்றினேன். கொழுப்பைப் பிரித்து சிலிக்காத் தகட்டில் ஓடவிட்டு அயோடின் ஆவியில் வைத்தபோது, ட்ரைகிளிசரைடு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புப் பொட்டு. வெற்றுப் பிளாஸ்மிட், அதாவது கடலை ஜீன் இல்லாத டிஎன்ஏ வளையம், போட்ட ஈஸ்டின் வரிசையில் அந்த இடம் காலி. அன்று கேன்டீனில் நான்தான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மேற்பார்வையாளர் தகட்டைப் பார்த்துவிட்டு, “சரி, இது தொட்டியில் இருக்கிற தண்ணீர். குழாய் எவ்வளவு வேகமாக ஊற்றுகிறது?” என்றார். நியாயம்தான். ஈஸ்ட் தன் லைபேஸ்களால் சேர்த்த கொழுப்பை உடைக்கவும் செய்யும். பொட்டின் அளவு நொதியின் வேகத்தைச் சொல்லாது.

எனவே செல்களைக் கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைத்தேன். 30 விநாடி குலுக்கல், 30 விநாடி ஐஸ், மாற்றி மாற்றி. கை மரத்துப்போகும். பிறகு 1,00,000 ஜி-யில் ஒரு மணி நேரம் சுழற்றினால் நொதி ஒட்டியிருக்கும் சவ்வுத் துண்டுகள், அதாவது மைக்ரோசோம், அடியில் படியும். கதிரியக்க மூலப்பொருள் பயன்படுத்த எங்களுக்கு அனுமதி இல்லை. அதனால் டிடிஎன்பி முறை. ஒலியோயில் கோஏ என்பது கோஏ என்ற மூலக்கூறில் கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்கும் மூலப்பொருள். அதிலிருந்து கொழுப்பு அமிலத்தை நொதி எடுத்துக்கொண்டால் கோஏ விடுபடும். விடுபட்ட கோஏ ஒரு தயால், அதாவது கந்தக-ஹைட்ரஜன் முனை உள்ள மூலக்கூறு; அது டிடிஎன்பி என்ற வேதிப்பொருளோடு சேர்ந்து மஞ்சள் நிறம் தரும். 412 நானோமீட்டரில் அளக்கலாம்.

முதல் நாள் நொதிக்கு மூலப்பொருள் கொடுக்கும் முன்பே எல்லாக் குழாயும் பளிச்சென்று மஞ்சள். உடைக்கும் தாங்கல் கரைசலில் புரதத்தைக் காக்க டிடிடி (டைதயோத்ரைட்டால், பூச்சிமருந்து அல்ல) போட்டிருந்தேன். அதுவும் தயால்தானே, டிடிஎன்பியை விட்டுவைக்குமா? தாளில் படித்தது எல்லாம் கண்முன் இருந்தும் மண்டையில் ஏறவில்லை. இரண்டு வாரத்து மைக்ரோசோம் வீண்.

டிடிடி இல்லாமல் மறுபடி செய்தேன். வெற்றுப் பிளாஸ்மிட் மைக்ரோசோமிலும் மஞ்சள் மெதுவாக ஏறியது, ஒலியோயில் கோஏ-யை வெட்டிக் கோஏ-யை விடுவிக்கும் வேறு நொதிகள் சவ்வில் இருப்பதால். அதைக் கழித்தபின் மிஞ்சிய சரிவு சின்னதுதான். மூன்று தனித்தனி வளர்ப்பில் செய்து பார்த்தேன், மூன்றிலும் இருந்தது.