பரலோக அட்டை

பெர்லின், ஸ்டெக்லிட்ஸ்

1946 அக்டோபர் 20, ஞாயிறு

வாக்களித்துவிட்டு வந்தேன். இதற்கு முன் பயமில்லாமல் வாக்களித்தது 1932 நவம்பரில். வரிசையில் பெண்கள்தான் அதிகம். ஆண்களில் பாதிப் பேர் மண்ணுக்குள், மீதிப் பேர் போர்க்கைதி முகாம்களில். என் மகன் ரஷ்யாவில் எங்கோ இருக்கிறான் என்றே நம்புகிறேன், கடிதம் இல்லை.

ரஷ்யர்களின் செல்லப்பிள்ளையான சோஷலிஸ்ட் ஐக்கியக் கட்சியின் சுவரொட்டி இல்லாத சுவர் இல்லை, சுவர் என்று ஒன்று நிற்கும் இடங்களில். போன வருடம் ஏப்ரல், மே இரவுகளில் ரஷ்யச் சிப்பாய்கள் செய்ததை இந்தத் தெருப் பெண்கள் மறந்திருப்பார்கள் என்று யார் அவர்களுக்குச் சொன்னதோ!

அக்டோபர் 24

சமூக ஜனநாயகக் கட்சிக்கு 48.7 சதவீதம். செல்லப்பிள்ளைக்கு 19.8, மூன்றாம் இடம். சந்தோஷப்பட நேரமில்லை. ரஷ்யப் பகுதியில், கோப்பெனிக்கில் இருக்கும் தங்கை வந்து சொன்னாள்: 22-ஆம் தேதி விடியுமுன் தொழிற்சாலைப் பொறியாளர்களைக் கதவைத் தட்டி எழுப்பி, மனைவி, பிள்ளை, கட்டிலோடு ரயிலேற்றி ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

நவம்பர் 17

என்னுடையது ஐந்தாம் எண் ரேஷன் அட்டை. இல்லத்தரசி, முதியவர், வேலையற்றவர் எல்லோருக்கும் இதுதான். ஊரார் இட்ட பெயர் பரலோக அட்டை. நாளொன்றுக்கு ரொட்டி 300 கிராம், இறைச்சி 20, கொழுப்பு 7. அதுவும் காகிதத்தில், கடையில் இருந்தால்தான். ஏழு கிராம் கொழுப்பைக் கத்தி நுனியில் எடுத்தால், ரொட்டியில் தடவுவதற்குள் கத்தியிலேயே பாதி ஒட்டிக்கொள்கிறது. கத்தியை நக்குகிறேன். ஐம்பத்தெட்டு வயதில்.

இடிபாட்டுச் செங்கல் சுமக்கும் பெண்களுக்கு இரண்டாம் எண் அட்டையும் மணிக்கு 72 பெனிக் கூலியும் உண்டு. என் முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளாது. தையல் இயந்திரம்தான் சோறு போடுகிறது. ராணுவக் கோட்டுகளைப் பிரித்துப் பெண்களுக்கு மேலங்கி தைக்கிறேன். போன வாரம் ஓர் அமெரிக்க அதிகாரி வீட்டுக்குத் திரைச்சீலை தைத்ததற்கு ஒரு டப்பா காப்பித்தூள் கிடைத்தது. குடிக்க மனம் வரவில்லை. டீயர்கார்டனுக்குக் கொண்டுபோய் மாவும் பன்றிக்கொழுப்பும் ஆக்கிக்கொண்டேன். மரங்கள் வெட்டப்பட்டு, முட்டைக்கோஸ் பாத்தி போட்ட அந்தப் பூங்காவில் பணத்தை யாரும் மதிப்பதில்லை, சிகரெட்தான் நாணயம்.

டிசம்பர் 19

குளிர் இறங்கிவிட்டது. வாளித் தண்ணீரில் காலையில் பனித்தகடு.

கீழ்வீட்டுக்காரர் வந்தார். ஒரு காலத்தில் எங்கள் வீட்டுத்தொகுதிக்கு நாஜிக் கட்சியின் கண்காணி. கொடி ஏற்றாத ஜன்னலைக் குறித்துக்கொள்பவர். இப்போது மண்வெட்டியோடு நிற்கிறார். பழைய குமாஸ்தா வேலைக்குத் திரும்ப, நாஜித் தொடர்பை விசாரிக்கும் குழுவின் முன் சுத்தமானவர் என்று தேற வேண்டுமாம். அமெரிக்கர்களின் கேள்வித்தாளைக் காட்டினார்: 131 கேள்விகள். உடல் எடை முதல் 1932 நவம்பரில் எந்தக் கட்சிக்கு வாக்களித்தாய் என்பது வரை. அவருக்கு வேண்டியது என்னிடமிருந்து ஒரு நற்சான்று. இதற்கு பெர்சில் சீட்டு என்று பெயர். துணிக்கு பெர்சில் தூள் போட்டால் கறை போகிறதல்லவா, அந்தக் கணக்கு.

“பெரிய ஆட்களை நியூரம்பர்க்கில் தூக்கில் போட்டாயிற்று. சின்னவர்களை ஏன் அம்மா இன்னும் இழுக்கிறார்கள்?” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எழுந்து போகும்போது தையல் இயந்திரத்தைப் பார்த்தார். மிரட்டல் இல்லை, சும்மாதான் பார்த்தார். கதவருகே எட்டு நிலக்கரிக் கட்டிகளை வைத்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 20

தூக்கமில்லை. எழுதிவிடுகிறேன். 1942 கோடையில் மூன்றாம் மாடி யூதப் பாட்டியை அழைத்துப் போனார்கள். தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு என்றார்கள். அவர் வீட்டுச் சாமான்களை அவர் வீட்டிலேயே ஏலம் விட்டார்கள். இயந்திரத்துக்கு நான் கொடுத்தது பதினெட்டு மார்க். இழுப்பறையில் அவருடைய நூல்கண்டுகள் அப்படியே இருந்தன. நீல நூல் இன்னும் தீரவில்லை.

1947 ஜனவரி 9

நிலக்கரிக் கட்டிகள் தீர்ந்து நாளாயிற்று. குளிர்காய நகராட்சி திறந்திருக்கும் சூட்டுக்கூடத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைக் கிழவர் பேசிக்கொண்டே இருந்தார், பிறகு பேசவில்லை. உயிர் இருந்தது, தூங்கிவிட்டார். ஆனாலும் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 12

எழுதிக் கொடுத்தேன். “குடியிருப்போரிடம் மரியாதையாக நடந்துகொண்டார், யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை.” பொய் ஒன்றும் இல்லை. குரல் உயர்த்த அவருக்கு அவசியம் வந்ததில்லை.

படித்துப் பார்த்தவர் இன்னும் ஒரு வரி கேட்டார். மூன்றாம் மாடிப் பாட்டியின் பெட்டியை வாசல்வரை தான் தூக்கிக்கொண்டு போனதைச் சேர்க்க முடியுமா என்றார். அதுவும் நடந்ததுதான். ஜன்னல் வழியே நானே பார்த்தேன். பாட்டி நன்றிகூடச் சொன்னார்.

சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்று பத்துக் கட்டிகள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரவு இரண்டு மணி நேரம் மின்சாரம் இருந்தது. விளக்கு அணைவதற்குள் மேலங்கிக்குக் கைகளை நீல நூலில் தைத்து முடித்தேன்.