லின்லித்கோ புனித மிக்கேல் ஆலயம்: காலி மாடங்களைப் பார்க்கப் போகலாம்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோ போகும் ரயிலில் ஏறினால் இருபது நிமிடத்தில் லின்லித்கோ. நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாகச் சதுக்கத்துக்கு வந்து, கிர்க்கேட் என்ற சிறு ஏற்றத்தில் திரும்பினால் அரண்மனையின் வெளிவாசல். ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் கட்டிய வாசல் அது. மேலே நான்கு வீரப்பட்டங்களின் சின்னங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்று பிரான்சின் புனித மிக்கேல் பட்டம். பெரும்பாலானவர்கள் நேரே அரண்மனைக்குள் போய்விடுகிறார்கள். நம் வழி வலப்பக்கம்.

உள்ளே போகும் அவசரம் வேண்டாம். முதலில் ஆலயத்தின் தென்மேற்கு மூலையில் நின்று அண்ணாந்து பாருங்கள். முட்டுச்சுவரில், காற்றும் மழையும் தேய்த்த ஒரு சிலை: அதிதூதர் மிக்கேல். அங்கிருந்து தெற்குச் சுவரையொட்டிக் கிழக்கே நடந்தால் சுரூபம் வைக்கும் மாடம் மாடமாக வருகிறது, எல்லாம் காலி. 1559-இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தப் படையினர் வந்து பலிபீடங்களையும் சுரூபங்களையும் உடைத்துப்போட்டார்கள். மிக்கேல் மட்டும் தப்பினார். முட்டுச்சுவரோடு ஒட்டிய கல் என்பதால் பெயர்க்க முடியவில்லை என்பார்கள். இந்த ஆலயத்தைப் புரிந்துகொள்ள அந்தக் காலி மாடங்களே போதும்.

வரலாறு நீளமானது. 1242-இல் ஆயர் டேவிட் டி பெர்ன்ஹாம் அபிஷேகம் செய்த ஆலயம். 1301-இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் ஊரைப் பிடித்தபோது இது அவர் படையின் கிடங்கானது. 1424-இல் ஊரையே எரித்த தீயில் ஆலயமும் கருகியது. இன்று நிற்பதில் பெரும்பகுதி அதற்குப் பின் நூறாண்டுக்கும் மேலாக, மேற்கிலிருந்து கிழக்காக, மெல்ல எழுந்தது. மூன்று பக்கம் கொண்ட கிழக்கு முனை 1530-களில்தான் முடிந்தது.

உள்ளே நடுக்கூடத்தின் தூண்வரிசை ஐந்து வளைவு, பலிபீடப் பகுதியில் மூன்று. தலைக்கு மேலுள்ள விதானத்தைப் பழையது என்று நம்பி வியக்க வேண்டாம். மரக்கூரை போய்ச் சுண்ணப்பூச்சு வந்தது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் தெற்கே நீளும் புனித கத்தரீன் சிற்றாலயம். அதன் சாளரத்தின் கல்வேலைப்பாடு தீநாக்குகளாக நெளிந்து மேலேறும். ஸ்காட்லாந்தில் இவ்வளவு அழகான கல்சாளரம் அரிது. அதில் இன்றுள்ள வண்ணக்கண்ணாடி 1992-இல், அபிஷேகத்தின் 750-ஆம் ஆண்டுக்காகக் கிரியர் மெக்கார்ட்னி செய்தது. பொருள் பெந்தெகொஸ்தே, அதாவது தூய ஆவி நெருப்பு நாவுகளாகச் சீடர்கள்மேல் இறங்கிய நாள். நெருப்பாய் வளைந்த கல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது.

1513-இல் இங்கிலாந்துக்கு எதிரான ஃப்ளாடன் போருக்குப் புறப்படுமுன் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் இங்கே ஜெபித்துக்கொண்டிருந்தபோது, நீல அங்கி அணிந்த ஒருவர் தோன்றி "போகாதே" என்று எச்சரித்து மறைந்தார் என்பது மரபுக் கதை. மன்னர் போனார், திரும்பவில்லை. அவருடைய பேத்தி, பின்னாளில் ஸ்காட்லாந்து அரசியான மேரி, 1542 டிசம்பரில் பக்கத்து அரண்மனையில் பிறந்தார். ஞானஸ்நானம் இந்த ஆலயத்தில் என்பார்கள்.

கோபுர உச்சியிலுள்ள கிரீடம் போன்ற முடி தனிக் கதை. முதலில் இருந்தது கல்முடி. நான்கு பக்கமிருந்தும் அரைவளைவுகள் எழுந்து நடுவில் சந்திக்கும்போது, அவை கீழுள்ள சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைக் கோபுரம் தாங்கவில்லை. 1821 வாக்கில் முடியை இறக்கிவிட்டார்கள். 1964-இல் ஜெஃப்ரி கிளார்க் வடித்த முடி, அப்போது ஒட்டுமரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்திச் செய்யப்பட்டது. கல்லைவிட மிக இலேசு; கிறிஸ்துவின் முள்முடியை நினைவூட்டும் ஈட்டிமுனைகள். ஊரில் அப்போது கடும் சண்டை. பழையதை நகலெடுக்காமல் விட்டது சரிதான் என்பது எங்கள் கருத்து.

ஆலயம் பிரெஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் வழி. மெழுகுவர்த்தி ஏற்றும் மேடை, தீர்த்தத் தொட்டி, சுரூபம் எதையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இருக்கையில் அமர்ந்து ஜெபிக்கத் தடையில்லை. கட்டணம் இல்லை, காணிக்கை விரும்பினால். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்க்க வர வேண்டாம், ஆராதிக்க வரலாம். கத்தரீன் சாளரம் தெற்கு நோக்கியது. நண்பகலை ஒட்டி வெயில் இருந்தால் வண்ணம் தரையில் விழும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆகவே குளிர்காலத்தில் மதியத்துக்குள் உள்ளே இருங்கள். பக்கத்து ஏரியின் காற்று எந்த மாதத்திலும் குளிரும், மேல்கோட்டு அவசியம். மிக்கேலின் முகத்தைப் பார்க்கத் தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள். வெறுங்கண்ணுக்கு உருவம் தெரியும், முகம் தெரியாது.