ஓட்டுநரின் மனச்சுமையை அளக்கச் சென்னைச் சாலையில் பட்ட பாடு

ஒருவழியாகத் தரவு சேகரிப்பு முடிந்தது. பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரிலும் கத்திப்பாரா மேம்பாலத்திலும் கார் ஓட்டுபவர்களின் மனச்சுமையை, அதாவது ஓட்டும்போது மூளைக்கு ஏறும் வேலைப்பளுவை, அளக்கும் ஆய்வு. கருவிகள் வாங்கியது, மென்பொருள், ஓட்டுநர்களைப் பிடித்தது எதிலும் சிக்கல் இல்லை. ஒரு பருவம் முழுக்க வீணானது காகிதத்தால். அடுத்து இந்த வேலையில் இறங்குபவர்களுக்காவது அது நேரக்கூடாது.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் அலுவலகத்தில் தொடங்கியது. பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் வேண்டும், அவருக்குக் கொடுக்கும் பணத்துக்கும் குழுவின் அனுமதி வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல். இரண்டும் நியாயம், இரண்டையும் வைத்துத்தான் கோப்பைக் கொடுத்தோம். எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு, "தமிழ்ப் படிவத்தைத் திருப்பி இங்கிலீஷ்ல மாத்தி, மாத்தினவங்க கையெழுத்தோட கொண்டாங்கம்மா" என்றார். கொண்டுபோனோம். "கார் இன்சூரன்ஸ் ஜெராக்ஸ் எங்க?" அதையும் கொடுத்தோம். "எல்லாப் பக்கத்துலயும் ஹெச்.ஓ.டி. சைன் இருக்கணுமே." இதையெல்லாம் முதல் நாளே சொல்வதற்கு அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. சொல்லாததால் குழுவின் கூட்டம் தவறியது. அடுத்த கூட்டம் வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தேங்கிய தண்ணீரில் பள்ளம் எங்கே என்று தெரியாமல் ஓட்டுபவரின் இதயத்துடிப்பை வைத்து, நெரிசலின் சுமையைப் பற்றி என்ன சொல்ல முடியும்? பொங்கல் கழியும்வரை கருவிகள் பெட்டியிலேயே கிடந்தன.

தேவையான தாள்களின் பட்டியலை முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். தேதியும் முத்திரையும் வாங்காமல் அந்த அறையை விட்டு வராதீர்கள்.

குழுவில் ஒருவர் கேட்ட கேள்வியை மட்டும் நன்றியோடு நினைக்கிறேன்: "மனச்சுமையை வேண்டுமென்றே கூட்டிப் பார்க்கும் பணியைப் பொதுச்சாலையில் கொடுப்பீர்களா?" மாட்டோம். எண்களைக் கேட்டுக்கொண்டே, இரண்டு எண்ணுக்கு முன்னால் வந்ததைத் திருப்பிச் சொல்லும் அந்தப் பணி, எங்கள் வளாகத்துக்குள், வண்டி நடமாட்டம் இல்லாத சாலையில் மட்டும். இந்த உறுதியை விண்ணப்பத்தில் தனிப் பத்தியாகவே எழுதிவிடுங்கள்.

அடுத்து வியர்வை. பதற்றத்தில் வியர்க்கும்போது தோலின் மின்கடத்தல் ஏறும்; அதை அளக்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். வெயிலில் நின்ற காரில் ஏறுபவரின் விரல் ஏற்கெனவே நனைந்திருக்கிறது. அது பதற்றமா வெக்கையா என்று கருவிக்குத் தெரியாது. ஈ.சி.ஜி. ஒட்டிகளும் முதலில் நழுவின. ஏ.சி.யில் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, உடம்பு காய்ந்தபின் ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டி, மேலே மைக்ரோபோர் டேப் போட்டபின்தான் நின்றன. ஓய்வுநிலை அளவை ஆய்வகத்தில் எடுக்க வேண்டாம். அதே காரில், அதே இருக்கையில், ஏ.சி. ஓட, வண்டி நின்றபடி எடுங்கள். வெப்பமே துடிப்பை ஏற்றிவிடும். டீயும் சிகரெட்டும் அப்படித்தான். "டீ குடிக்காம எப்படி மேடம்?" என்று கேட்டவர்களுக்குக் காலையில் முதல் வேளையை ஒதுக்கினோம். மனச்சுமை ஏறினால் கண்பாவை விரியும்; ஆனால் அந்த விரிவை அளப்பதை மதிய நேரத்தில் முயலவே வேண்டாம். வெளிச்சம் மாறினாலே பாவை மாறும், சூரியனின் அகச்சிவப்பு ஒளி கண்ணைப் படம்பிடிக்கும் கேமராவையும் குழப்பும்.

எங்களைக் காப்பாற்றியது டி.ஆர்.டி. எனப்படும் துலங்கல் சோதனை. ஐ.எஸ்.ஓ. 17488 தரநிலைப்படி 3 முதல் 5 வினாடிக்கு ஒருமுறை ஒலியாகவோ ஒளியாகவோ அதிர்வாகவோ ஒரு தூண்டல் வரும். ஓட்டுநர் விரலில் கட்டிய பொத்தானை அழுத்த வேண்டும். 100 முதல் 2500 மில்லிவினாடிக்குள் அழுத்தினால்தான் கணக்கு. மனம் நிறைந்திருந்தால் விரல் தாமதிக்கும், அல்லது தவறவிடும். ஒலித் தூண்டல் நம்மூர் ஹாரனில் அமுங்கிவிடும், ஒளித் தூண்டல் வெயிலில் மங்கிவிடும். தோளில் ஒட்டும் அதிர்வுதான் சரி. வெளிநாட்டுக் கட்டுரைகளில் பொத்தான் பெரும்பாலும் இடது கையில் இருக்கும். நம் ஓட்டுநரின் இடது கை நெரிசலில் கியரை விட்டு நகராது. வலது சுட்டுவிரலுக்கு மாற்றி, ஸ்டீயரிங்கில் வைத்து அழுத்தச் சொன்ன பிறகுதான் தரவு சீரானது.

வினாத்தாளில் கவனமாக இருங்கள். சாண்ட்ரா ஹார்ட்டும் லோவெல் ஸ்டேவ்லாண்டும் 1988இல் வெளியிட்ட நாசா டி.எல்.எக்ஸ்., செய்த வேலையின் சுமையை அவரவரே மதிப்பிடும் வினாத்தாள். அதில் ஆறு அளவுகோல்கள். ஐந்தில் வலப்பக்கம் போகப் போகச் சுமை அதிகம் என்பது பார்த்தவுடன் புரியும். 'எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள்' என்ற ஒன்றில் மட்டும் இடப்பக்கம் நல்லது, வலப்பக்கம் தோல்வி. வேறொரு ஆய்வகம் கொடுத்த தமிழ்ப் படிவத்தில் அந்தக் கோட்டின் இரு முனைகளிலும் எதுவுமே அச்சிடப்படவில்லை. வெள்ளோட்டத்தில் ஓர் ஓட்டுநர் அண்ணன் கத்திப்பாராவைப் பிசிறில்லாமல் கடந்துவிட்டு அதில் 100க்கு 90 போட்டார். ஏன் என்று கேட்டேன். "நல்லாத்தானே மேடம் ஓட்டினேன்?" அன்றைக்கே இரு முனைகளிலும் பெரிய எழுத்தில் அச்சடித்தோம், ஒவ்வொருவருக்கும் வாய்விட்டுப் படித்தும் காட்டினோம். பழைய படிவத்தை வைத்து முன்பு வந்த தரவுகளை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெழுதவும் வேண்டாம். மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆர். நெரிசலில் வினாத்தாளின் உடலுழைப்பு, எரிச்சல் என்ற அளவுகோல்கள்தான் ஏறின. "கிளட்ச் மிதிச்சே முட்டி போச்சு" என்றார்கள். ஆனால் பொத்தானை உடனுக்குடன் அழுத்தினார்கள். கத்திப்பாராவில் வண்டிகள் வந்து கலக்கும் இடத்தில் "ஒண்ணும் கஷ்டமில்ல" என்றவர்களின் விரல் தாமதித்தது. வினாத்தாளை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

கடைசி மல்லுக்கட்டு கணக்குப் பிரிவில். ஓட்டுநர்கள் சவாரியை விட்டு வந்ததற்கான பணத்துக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத ரசீது செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். 5000 ரூபாயைத் தாண்டினால்தான் அந்த ஸ்டாம்ப் தேவை. எங்கள் தொகை அதன் பக்கத்திலேயே வராது. விதியை அச்செடுத்து மேலதிகாரியிடம் காட்டினேன். படித்துப் பார்த்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். பணம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த விதியின் நகலை ரசீதுக் கோப்பின் முதல் தாளாக வைத்துவிடுங்கள்.