ஒரு பிட்ச், ஒரு கை

கோடை விடுமுறையில் என் மகனைக் கிரிக்கெட் பயிற்சி முகாமில் சேர்க்கப் போனபோது, விண்ணப்பப் படிவத்தில் ‘திறன் நிலை’ என்றொரு கட்டம் இருந்தது. தொடக்கம், நடுத்தரம், உயர்நிலை ஆகிய மூன்றில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். மூன்று ஆண்டுகளாக அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஆடிவரும் 11 வயதுப் பிள்ளை என்பதால், நான் சிறிதும் கூச்சமின்றி உயர்நிலையைக் குறித்தேன். பக்கத்தில் நின்ற பெற்றோரின் படிவங்களை எட்டிப் பார்த்ததில், எங்கள் பகுதியில் தொடக்க நிலைப் பிள்ளை ஒன்றுகூடப் பிறந்திருக்கவில்லை என்று தெரிந்தது.

பயிற்சியாளர் படிவங்களை மொத்தமாக மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏ, பி, சி என அணி பிரிப்பதற்காகப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்தார். ஒவ்வொருவருக்கும் ஆறு பந்து பேட்டிங், ஆறு பந்து பௌலிங், பத்து கேட்ச்.

பேட்டிங்கில் என் மகன் ஆறு பந்துகளையும் நேர் மட்டையில், தரையோடு தரையாகத் தட்டினான். வியந்துபோன பயிற்சியாளர், “யாரிடம் கற்றுக்கொண்டாய், தம்பி?” என்றார்.

“தரைத்தளத்து ஆன்ட்டியிடம் சார்.”

அந்த அம்மையார் மட்டையைத் தொட்டதே இல்லை. அவர் வீட்டு ஜன்னலில் பட்ட பந்து திரும்பி வராது என்பதால், தூக்கி அடித்தாலே அவுட் என்பது எங்கள் குடியிருப்பின் சட்டம்.

பௌலிங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு தூண்களுக்கு இடையில் வீசிப் பழகியவனுக்கு 22 கஜம் என்பது அடுத்த தெருவாகத் தெரிந்திருக்கும்.

கேட்சுக்குத்தான் நான் பயந்தேன். டென்னிஸ் பந்து 60 கிராமைத் தொடாது, 13 வயதுக்கு உட்பட்டோர் ஆடும் தோல் பந்தோ 133 கிராமுக்குக் குறையாது, விரல் என்னாவது? அவனோ பதறாமல், உயரே வந்த பந்தை ஒருமுறை தரையில் குத்த விட்டு, இடது கையால் லாகவமாகப் பிடித்து, “அவுட்!” என்று கத்தினான். பத்துப் பந்துகளையும் அப்படியே பிடித்தான். பத்துக்குப் பத்து போடுவதா, பூஜ்யம் போடுவதா என்று பயிற்சியாளரின் பேனா சற்று நேரம் அந்தரத்தில் நின்று, பிறகு ‘சி’ என்று எழுதியது.

நான் நியாயம் கேட்கப் போனேன். அவர் பதில் சொல்லாமல், கையிலிருந்த பந்தை என் பக்கம் தூக்கிப் போட்டார். நான் அனிச்சையாக இரண்டடி பின்வாங்கி, பந்து தரையில் குத்தி எழும்பும்வரை காத்திருந்து பிடித்தேன்.

“அது செல்லாது அப்பா,” என்றான் மகன். “இரண்டு கையாலும் பிடித்துவிட்டீர்கள்.”