ஜாம்பிக்கு உப்புப் போட்டுப் பார்த்த கதை

மே, முதல் ஞாயிறு

அக்கா பிள்ளைகள் லீவுக்குத் தூத்துக்குடி வந்திருக்கிறார்கள். பெரியவளுக்கு 12 வயசு, சின்னவனுக்கு 9. விளையாடுகிற கேமில் ஜாம்பி, பார்க்கிற கார்ட்டூனில் ஜாம்பி, சாப்பிடக் கூப்பிட்டால் கையை முன்னால் நீட்டிக்கொண்டு வருகிற நடையிலும் ஜாம்பி. "தமிழ்ல ஜாம்பி கதை இருந்தா குடுங்க மாமா" என்றான் சின்னவன். என் அலமாரியில் அப்படி ஒன்றும் இல்லை. "நானே எழுதுதேன்" என்று வாயை விட்டுவிட்டேன். நான் பகலெல்லாம் ஆடிட்டர் ஆபீசில் வவுச்சர் அடுக்குகிற ஆள். காலேஜ் ஆண்டு மலரில் ஒரு கதை வந்ததோடு சரி.

அன்றைக்கு ராத்திரியே ஒரு 40 பக்க நோட்டு வாங்கி முதல் அத்தியாயம் எழுதினேன். ஜாம்பி என்பதற்குப் பதில் 'நடைப்பிணம்' என்று போட்டேன், நல்ல தமிழாக இருக்கட்டுமே என்று. வாசித்துக் காட்டியதும் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். "அப்பா ஆபீஸ்லேர்ந்து லேட்டா வந்தா அம்மா சொல்லுத வார்த்தை மாமா அது." அந்தச் சொல்லை அடித்தேன். ஜாம்பி ஜாம்பியாகவே இருக்கட்டும்.

மே, இரண்டாம் ஞாயிறு

முதல் மூன்று அத்தியாயமும் குப்பை. காரணம் புரிந்தது. எல்லாரும் ஓடுகிறார்கள், ஜாம்பிகள் துரத்துகின்றன, யாரையாவது கடிக்கின்றன, மறுபடி ஓடுகிறார்கள். கம்பெடுத்து ஒரு ஜாம்பியின் மண்டையில் போடும் இடம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. அந்த ஜாம்பி நேற்று வரைக்கும் தெருமுனையில் பால் ஊற்றிய ஆள். 9 வயசுப் பையன் அவர் மண்டையை உடைப்பதை நான் எழுதி, இன்னொரு 9 வயசுப் பையனுக்கு வாசித்துக் காட்டுவதா? துரத்தலாம், பயமுறுத்தலாம். ஆனால் கதை முடியும்போது பால்காரர் திரும்பி வந்து பால் ஊற்ற வேண்டும். இதைத் தீர்க்காமல் மேலே போக முடியாது.

மே, மூன்றாம் வாரம்

எழுதவில்லை. படித்தேன்.

ஜாம்பி என்ற எண்ணம் வளர்ந்த இடம் ஹெயிட்டி. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் செத்துச் செத்து விழுந்த தீவு. 1791இல் கிளர்ச்சி செய்து 1804இல் விடுதலையும் வாங்கிவிட்டார்கள். அந்த ஊர் ஜாம்பி யாரையும் கடிக்காது, தின்னாது. செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்கப்படும் ஆள் அது. ஜாம்பி வந்துவிடுமோ என்பதைவிட, நாம் ஜாம்பியாகிவிடுவோமோ என்பதுதான் அவர்களுடைய பயம். சாவிலும் ஓய்வு கிடையாது என்பதைவிடப் பெரிய பயம் ஓர் அடிமைக்கு வேறென்ன இருக்கும்? மனிதரைத் தின்னும் கூட்டம் 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்துக்கு அப்புறம் பரவியது. அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லை யாருமே சொல்வதில்லை என்பது வேடிக்கை.

ஹெயிட்டி நம்பிக்கையில் இன்னொரு விஷயம் இருந்தது. படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஜாம்பிக்கு உப்பில்லாத சாப்பாடுதான் போட வேண்டுமாம். ஒரு கல் உப்பு நாக்கில் பட்டால் போதும், தான் யார் என்று அதற்கு நினைவு வந்துவிடும்.

உப்பு! என் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் உப்பளம் தெரியும். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவில் நடப்பதுபோல் ஒரு மாலில் கதையை ஆரம்பித்திருந்தேன். நோட்டைக் கிழித்துப் போட்டேன்.

ஜூன், முதல் வாரம்

ஊர் திரும்பிய பிள்ளைகளுக்கு இப்போது ஞாயிறு காலை போனில்தான் வாசிப்பு.

தொற்று எப்படி வருகிறது என்பதை முடிவு செய்தேன். கடியால் அல்ல, பூஞ்சையால். கட்டெறும்பைப் பிடிக்கிற ஒரு பூஞ்சை நிஜமாகவே இருக்கிறது. 1859இலேயே வாலஸ் என்ற இயற்கையியலாளர் அதைச் சேகரித்திருக்கிறார். தாய்லாந்துக் காடுகளில் ஆய்வாளர்கள் பார்த்து எழுதியதைப் படித்தேன். பூஞ்சை பிடித்த எறும்பு கூட்டை விட்டு இறங்கி, தரையிலிருந்து சுமார் 25 செ.மீ. உயரத்தில் ஓர் இலையின் அடிப்பக்க நரம்பைக் கடித்துக்கொண்டு அப்படியே சாகிறது. பிறகு அதன் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு காம்பு முளைத்து, கீழே போகிற எறும்புகள் மேல் விதைத்தூளைக் கொட்டுகிறது. ஜெர்மனியில் கிடைத்த 4.8 கோடி வருஷத்து இலைப் படிவத்தில்கூட அதே கடித்தடம் இருக்கிறதாம்.

என் கதையை மாற்றியது 2017இல் வந்த ஓர் ஆய்வு. எறும்பின் தசைகளுக்குள் பூஞ்சை வலை பின்னுகிறது, மூளைக்குள் மட்டும் நுழைவதில்லை. இதைச் சின்னவனிடம் சொன்னதும் அவன் "சூப்பர்" என்றான். போனில் பெரியவள் பேச்சே இல்லை. கொஞ்சம் கழித்துக் கேட்டாள், "அப்ப உள்ள அந்த எறும்புக்கு எல்லாம் தெரியுமா மாமா?"

அந்த ஒரு கேள்வியை வைத்து இரண்டாம் அத்தியாயம் முழுவதும் எழுதினேன்.

மரத்தடி ஏற்றிவரும் கப்பலில் பூஞ்சை துறைமுகத்துக்கு வருகிறது. விடிகாலை 5 மணி. கதையின் நாயகி கயல் பால் வாங்க வெளியே வருகிறாள். எதிர்வீட்டு ஆச்சி வழக்கம்போல வாசலில் குனிந்து கோலப்புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாள். பால் வாங்கித் திரும்பும்போதும் வைத்துக்கொண்டிருக்கிறாள். புள்ளி வாசலைத் தாண்டிவிட்டது, தெருவைத் தாண்டிவிட்டது, பஸ் போகிற ரோட்டில் வரிசை மாறாமல் போகிறது. மாவு எப்போதோ தீர்ந்துவிட்டது. வெறும் விரலைத் தார்ரோட்டில் தேய்க்கிறாள். ஒரு கோடுகூட இழுக்கவில்லை. "ஆச்சி" என்று கயல் கூப்பிட, ஆச்சி தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்புகிறாள். அந்தக் கண்ணில் தண்ணீர்.

ரத்தம் ஒரு சொட்டு இல்லை. சின்னவன் அன்றைக்கு ராத்திரி அம்மாவோடு படுத்துக்கொண்டானாம். அக்கா போனில் என்னைப் பிடித்துத் திட்டினாள். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

ஜூலை

அத்தியாயத்துக்கு 900 சொல் என்று கணக்கு வைத்திருக்கிறேன். வாசிக்க 9 நிமிஷம். 1,200 போனால் சின்னவன் பின்னணியில் எதையாவது உருட்டுகிறான். உரையாடல் பேச்சு வழக்கில், நடுவில் வருவது எழுத்து வழக்கில். வர்ணனை தொடர்ந்து மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. (கடைசி விதியை நான் மீறாத அத்தியாயமே இல்லை.)

பெரியவள் ஓட்டை கண்டுபிடிப்பதில் எங்கள் ஆடிட்டரை மிஞ்சிவிடுவாள்.

"உப்புப் பட்டா சரியாயிடும்னா, எல்லாரையும் கடல்ல தள்ளிவிட வேண்டியதுதான மாமா? கதை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

அளத்தில் கங்காணியாக இருக்கிற நண்பனிடம் போனேன். கடல் தண்ணீரில் உப்பு 100க்கு 3.5 பங்குதான். பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ந்து, தண்ணீரின் அடர்த்தியை அளக்கிற மிதவைமானியில் 25 டிகிரி காட்டும்போதுதான் உப்பு மணி கட்ட ஆரம்பிக்கும். சரி, பூஞ்சை சாக 25 டிகிரித் தண்ணீர் வேண்டும் என்று வைத்துவிட்டேன். ஊறுகாய் கெடாத அதே காரணம். "எங்க வீட்டு நார்த்தங்காய்ல பூஞ்சை பிடிச்சுதே" என்றாள். ஈரக் கரண்டி போட்டால் பிடிக்கும் என்றேன். ஏற்றுக்கொண்டாள்.

அளத்துக்குப் போனதில் கூடுதலாக ஒன்று கிடைத்தது. தட்டுமேட்டில் உப்பை அம்பாரம் அம்பாரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அதையெல்லாம் மூடியாக வேண்டும். பாத்தியில் மழைத் தண்ணீர் விழுந்தால் டிகிரி இறங்கி அந்த வருஷத்து விளைச்சல் அத்தோடு முடிந்தது. கதைக்குக் கெடு தேடி அலைந்துகொண்டிருந்தவனுக்கு மேகமே வந்து நின்றது. கிழக்கே வானம் கறுக்கிறது, ஊர்ச்சனம் பாதி ஜாம்பி, பாத்தியில் 25 டிகிரித் தண்ணீர் இன்னும் ஒரு நாள்தான்.

நண்பன் சொன்னதில் ஒன்றை மட்டும் கதையில் சேர்க்கவில்லை. உப்பு வாருகிறவர்களுக்குக் கால் வெடித்து, கண்ணும் கூசிப் போய்விடும் என்றான். நேரே நின்று பார்த்தபோது எனக்கே கண் வலித்தது. அதைப் பிள்ளைகள் கதையில் எந்த இடத்தில் வைப்பது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

ஆகஸ்ட்

ஆயுதம் என்ன என்பதில் மாட்டிக்கொண்டேன். துப்பாக்கி கிடையாது, அரிவாள் வேண்டாம். பழைய பாடப் புத்தகக் கட்டைக் கிளறும்போது புறநானூற்று 281ஆம் பாட்டு கண்ணில் பட்டது. அரிசில்கிழார் பாடியது. போரில் காயம்பட்டுக் கிடப்பவனைப் பேய் நெருங்காமல் பெண்கள் காவல் காக்கிறார்கள். வேப்பிலையை வீட்டில் செருகுகிறார்கள். வெண்கடுகைத் தூவுகிறார்கள். ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, வாசப்புகை போடுகிறார்கள்.

மார்க் வாங்கப் படித்தபோது இதில் எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. இப்போது படித்தால் ஜாம்பி முற்றுகைக்குச் சாமான் பட்டியல் மாதிரி இருக்கிறது. ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டேன். கடுகு, வேப்பிலை, சாம்பிராணி, பள்ளிக்கூட மணி. கயலின் கூட்டாளி அந்தோணி நாதஸ்வரம் கற்றுக்கொள்கிறவன்; அவன் ஊதுகிற அபஸ்வரத்துக்கே பாதி ஜாம்பி ஓடும். எங்கள் அம்மா இன்றைக்கும் உப்பு, மிளகாய், கடுகு எடுத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றிப் போடுகிறாள். "இந்தச் சாமானெல்லாம் ஆச்சி அடுக்களையிலயே இருக்கே" என்று சின்னவன் சொன்னபோது நான் ஒன்றும் விளக்கவில்லை.

அந்த வேகத்தில் கலிங்கத்துப்பரணியையும் எடுத்தேன். 12ஆம் நூற்றாண்டில் ஜெயங்கொண்டார் போர்க்களத்தில் பேய்களுக்குக் கூழ் காய்ச்சிப் போடுகிறார். செத்தவர்களின் பல்தான் அரிசி, யானைத் தந்தம்தான் உலக்கை. பரிமாறும்போது குருட்டுப் பேய்க்கு ஒரு பங்கு, ஊமைப் பேய்க்கு ஒரு பங்கு, கனாக் கண்ட பேய்க்குக்கூட ஒரு பங்கு. இதைச் சொன்னதும் சின்னவன் சிரித்துச் சிரித்து போனைக் கீழே போட்டுவிட்டான். குழந்தைகளுக்கு அருவருப்பு எவ்வளவு கொடுக்கலாம் என்று இரண்டு மாதமாகத் தயங்கியவன் நான். ஏழாம் அத்தியாயத்தில் ஜாம்பிகளுக்குப் பந்தி போட்டுவிட்டேன், உப்பில்லாத கூழோடு. இதுவரைக்கும் எழுதியதில் நன்றாக வந்தது அதுதான்.

செப்டம்பர், இரண்டாம் ஞாயிறு

அடி விழுந்தது. எட்டு அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் வாசித்த பெரியவள் சொன்னது இது: "மாமா, இவங்க யாருமே சாகல. காளான் பிடிச்சுது, மருந்து குடுத்தாச்சு, சரியாயிட்டு. இது ஜாம்பி கதை இல்ல, டெங்கு கதை."

இரண்டு நாள் அவளோடு மனசுக்குள்ளேயே சண்டை போட்டேன். அவள் சொன்னதுதான் சரி. ஹெயிட்டி நம்பிக்கையில் பாதியைத்தான் நான் எடுத்திருந்தேன். உப்பு நாக்கில் பட்டு நினைவு வந்ததும் ஜாம்பி வீட்டுக்குப் போகாது. தான் செத்துவிட்டது தெரிந்து தன் குழிக்கே நடக்கும். அந்தப் பாதி கசந்ததால் விட்டுவிட்டேன்.

எனவே நிஜமாகவே செத்த ஒருத்தர் வேண்டும். ஊரில் யாரை எழுப்பினாலும் ஒரு குடும்பம் வரும், அழுகை வரும், அதைத் தாங்குகிற கதை இது இல்லை. 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் காலத்துக் கணக்கப்பிள்ளை ஒருவரை எழுப்பினேன். முத்துக்குளிப்புக் கணக்கில் நாலு சிப்பி இடிக்கிறது, 300 வருஷமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறார். தமிழைத் தப்புத் தப்பாகப் பேசுவார். எதைப் பார்த்தாலும் எண்ணுவார். துரத்தி வரும்போதுகூடப் பிள்ளைகளின் காலடிகளை எண்ணிக்கொண்டே வருகிறார். வவுச்சரோடு 16 வருஷம் குப்பை கொட்டியதற்கு முதல்முறையாக ஒரு பிரயோஜனம்.

300 வருஷத்துப் பிணத்தில் தசையே இருக்காதே, பூஞ்சை எதை ஆட்டும் என்று பெரியவள் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்டாள். "தெரியலம்மா" என்றேன். "சரி, விடுங்க. அவரு நல்லாருக்காரு."

அக்டோபர், முதல் ஞாயிறு

ஒன்பது அத்தியாயம் முடிந்தது, மொத்தம் 8,600 சொல். மழை விழுவதற்கு அரை மணி முன்னால் ஊரே பாத்தியில் முழங்கால் அளவு நிற்கிறது. பால்காரர் திரும்பிவிட்டார். எதிர்வீட்டு ஆச்சி எழுந்து யாரோடும் பேசாமல் ரோட்டுக்கு நடந்து, முதல் புள்ளியிலிருந்து கோடு இழுக்க ஆரம்பிக்கிறாள். வாசிக்கும்போது என் குரலே கொஞ்சம் தடுமாறியது. போனில் சிக்னல் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மிச்சம் பத்தாவது. கணக்கப்பிள்ளை ஒரு கல் உப்பை நாக்கில் வைக்கிறார். நாலு சிப்பி எங்கே போனது என்று நினைவு வருகிறது. அப்புறம் கயலிடம் தன் குழிக்கு வழி கேட்க வேண்டும். அதுதான் திட்டம். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்துவிட்டேன்.

விஷயம் சின்னவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நேற்று ராத்திரி அவனே கூப்பிட்டான்.

"மாமா, அவர அனுப்பாதீங்க."

"அவரு ரொம்ப அசந்துபோயிருக்காருடா. 300 வருஷம்."

"நாளைக்கு அனுப்புங்க."

இன்றைக்கும் அதையே சொன்னான். மனுஷர் இன்னும் அம்பாரத்து மேல்தான் உட்கார்ந்திருக்கிறார், கையில் உப்போடு.