மாமாவும் காணாம போன 13.5 சென்டிமீட்டரும்

மாமா ரிடையர் ஆனா சும்மா இருக்க மாட்டாருன்னு எங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா மேக்ரோ போட்டோகிராபில, அதாவது பூச்சி மாதிரி குட்டி குட்டி விஷயத்தை ரொம்பக் கிட்ட போயி பெருசா படம் எடுக்கறதுல, வந்து இறங்குவாருன்னு யாரும் நினைக்கல. மனுஷன் சர்வேயரா இருந்தவரு, வேலியை அரை அடி தள்ளி நட்டிருந்தா கண்ணாலயே சொல்லிடுவாரு. அவரு 60 எம்எம் மேக்ரோ லென்ஸ் ஒண்ணு வாங்கிட்டு அன்னைக்கே எனக்கு போன் பண்றாரு, "மாப்ள, அளவு குறையுது, உடனே கிளம்பி வா."

போனா டைனிங் டேபிள்ல கேமரா, அதுக்கு எதிர்ல ஒரு நாணயம், நடுவுல ஸ்டீல் ஸ்கேல். அத்தை ஒரு ஓரமா நின்னுட்டு "காலைல இருந்து இந்த டேபிள் பக்கம் யாரையும் விடல, நாங்க எல்லாம் நின்னுக்கிட்டே சாப்புட்டோம்"னு என்கிட்ட புகார். விஷயம் என்னன்னா லென்ஸோட விவரத்துல மிகக் குறைஞ்ச ஃபோகஸ் தூரம், அதாவது எவ்வளவு கிட்ட போனாலும் படம் தெளிவா விழும்ங்கறது, 18.5 செமீன்னு போட்டிருக்கான். மாமா முழு அளவு, அதாவது ஒண்ணுக்கு ஒண்ணு (பொருள் நிஜத்துல எவ்வளவோ, கேமராவுக்குள்ள விழற பிம்பமும் அவ்வளவு) வர்ற வரைக்கும் கிட்ட போயி ஸ்கேல் வச்சுப் பாத்தா லென்ஸ் முனைக்கும் நாணயத்துக்கும் நடுவுல இருக்கறது வெறும் 5 செமீ. "மிச்சம் 13.5 எங்கடா? யாரு ஆக்கிரமிச்சா?"

லென்ஸ்தான் மாமா ஆக்கிரமிச்சிருக்குன்னு சொன்னேன். நம்பல. அப்புறம் கேமராவோட தலைல ஒரு குட்டி வட்டம், குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கும் பாருங்க, அதைக் காட்டினேன். படம் பதியற சென்சார் இருக்கற இடம் அது, அந்த 18.5ஐ அங்க இருந்துதான் அளக்கணும். மாமா கண்ணாடியை மாட்டிட்டு அந்தக் குறியைத் தேடிப் புடிச்சாரு, எல்லைக்கல்லைப் பாத்த மாதிரி முகம் மாறிடுச்சு. சென்சார்ல இருந்து லென்ஸ் மாட்டுற வளையம் வரைக்கும் அவரு கேமராவுல 4.65 செமீ, லென்ஸ் நீளம் ஒரு 9 செமீ, ரெண்டையும் பேப்பர்ல எழுதிக் கூட்டினாரு. டேலி ஆயிடுச்சு. கேஸ் தோத்துப் போன வருத்தம் கொஞ்சம் இருந்துச்சுன்னு நினைக்கறேன், "இதை முதல்லயே பெட்டி மேல போட வேண்டியதுதானே"ன்னாரு. நியாயமான கேள்வி! லென்ஸ் முனைல இருந்து பூச்சி வரைக்கும் எவ்வளவு மிஞ்சும்ங்கறதுதான் வொர்க்கிங் டிஸ்டன்ஸ், நமக்கு வேணுங்கறதும் அதுதான், ஆனா நிறைய கம்பெனி விவரப் பட்டியல்ல அந்த நம்பர் கண்ல படறதே இல்ல, நாமளே தான் கழிச்சுக்கணும்.

சரி, 5 செமீ போதும்னு மாமா தோட்டத்துக்கு இறங்கிட்டாரு. அந்த 5 செமீலயும் ஹூட், அதான் லென்ஸ் முனைல வெளிச்சத்தை மறைக்க மாட்டுற வளையம், மாட்டினா ஒரு பங்கு போயிடும், அதைக் கழட்டுங்கன்னேன், கழட்டினாரு. இப்ப லென்ஸோட நிழல் பூச்சி மேல விழுது. தும்பி ஒண்ணு குச்சி நுனில உக்காந்திருந்துச்சு, மாமா மூச்சைப் புடிச்சுக்கிட்டு குனிஞ்சு குனிஞ்சு போறாரு, ஃபோகஸ் வர்றதுக்கு ஒரு விரல்கடை இருக்கறப்ப அது பறந்துட்டு, ரெண்டு செடி தள்ளி உக்காருது. திரும்ப குனிஞ்சு போறாரு. திரும்ப பறக்குது. அத்தை ஜன்னல்ல இருந்து "அதுக்கு வேற வேலை இல்ல, உங்களை வச்சு விளையாடுது"ங்கறாங்க.

ஓடாம நின்னு போஸ் குடுத்தது ஒரு குதிக்கும் சிலந்தி மட்டும்தான். எட்டு கண்ணும் தெரியுது மாப்ளன்னு மாமா சந்தோஷத்துல கத்துறாரு, சிலந்தியும் லென்ஸ் கண்ணாடில எதையோ பாத்திருக்கும் போல, டபக்குனு லென்ஸ் மேலயே குதிச்சிடுச்சு. வியூஃபைண்டர்ல பாத்துட்டிருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. கேமரா கழுத்துல மாட்டியிருந்ததால தப்பிச்சுது.

அடுத்து ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட கேனன் 100 எம்எம் எல் மேக்ரோ இருந்துச்சு, அதை கேமராவோட கடன் வாங்கிட்டு வந்தேன். அதோட குறைஞ்ச தூரம் 30 செமீ, லென்ஸ் நீளமும் வளையத்துக்குப் பின்னாடி இருக்கறதும் கழிச்சா 13 செமீ சொச்சம் மிஞ்சுது, மாமா வாய்க்கணக்காவே சொல்லிட்டாரு. ரெண்டு லென்ஸும் ஒண்ணுக்கு ஒண்ணு தான், நாணயம் ரெண்டுலயும் அதே சைஸ்ல தான் விழும், வித்தியாசம் நாம எங்க நிக்கறோம்ங்கறதுல இருக்கு. அன்னைக்கு தும்பி உக்காந்த இடத்துலயே இருந்துச்சு! பின்னாடி செடி கொடி எல்லாம் கலைஞ்சு ஒரே பச்சையா வேற வந்துச்சு, ஏன்னா நீள லென்ஸுக்கு பின்புலம் கொஞ்சூண்டு தான் தெரியும்.

இதுக்காக 60ஐ மட்டம்னு சொல்ல மாட்டேன், கைக்கு லேசு, நாணயம் ஸ்டாம்ப் காஞ்ச பூ மாதிரி பறந்து போகாத சரக்குக்கு அதுவே போதும். கேனன்ல 35 எம்எம் ஒண்ணு இருக்கு, 13 செமீன்னு போட்டிருப்பான், கழிச்சா 3 செமீ தான் மிஞ்சும், அவனுக்கே தெரிஞ்சுதான் லென்ஸ் முனையிலயே எல்இடி லைட் வச்சுட்டான். இந்தப் பக்கம் 180 எம்எம்னா 25 செமீ கிடைக்கும், பாம்பு கூட எடுக்கலாம், ஆனா எடை ஒரு கிலோவுக்கு மேல. மாமா அந்த எடையைக் கேட்டதும் தோள்பட்டையைத் தடவிக்கிட்டாரு.

இப்ப எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டுற வெறும் குழாய், உள்ள கண்ணாடி கிடையாது) பத்தி விசாரிச்சுட்டு இருக்காரு, பூச்சி இன்னும் பெருசா விழுமாமே மாப்ளன்னு. விழும் மாமா, ஆனா இருக்கற 5 செமீ இன்னும் குறையும், தூரம் குறையாம பெருசாகணும்னா அதே இடத்துல மாட்டுற, உள்ள கண்ணாடி இருக்கற டெலிகன்வெர்ட்டர் தான், அதுவும் உங்க லென்ஸுக்குப் பொருந்துமான்னு பாக்கணும்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு கேக்கறாரு, "அப்ப டியூப் மேல டியூப் போட்டுட்டே போனா பூச்சி லென்ஸுக்கு உள்ளாறயே வந்துடுமேடா, அப்புறம் எங்க பறக்கும்?"