சார்ஜென்டின் மகனுக்காக

தொழிலில் சலிப்பு தட்டும்போதெல்லாம் நான் ஆபிரகாம் லிங்கனைப் பற்றித்தான் படிப்பேன். ஜனாதிபதி லிங்கனை அல்ல, இல்லினாய் மாநிலத்துச் சின்ன ஊர் வக்கீல் லிங்கனை.

1832-ல் பிளாக் ஹாக் என்ற பூர்வகுடித் தலைவரை எதிர்த்து நடந்த போருக்குத் தன்னார்வப் படை திரண்டபோது, லிங்கன் வாழ்ந்த நியூ சேலம் ஊர் ஆட்கள் அவரையே கேப்டனாகத் தேர்ந்தெடுத்தார்கள். சண்டை எதையும் அவர் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் படையில் உடனிருந்த ஜான் ஸ்டூவர்ட் என்ற வக்கீல்தான் அவரைச் சட்டம் படிக்கத் தூண்டி, புத்தகங்களும் கொடுத்தார். அப்புறம் ஊர் போஸ்ட்மாஸ்டர் வேலை. கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு ஆட்களைத் தேடிப் போய்க் கொடுப்பாராம். 1836-ல் வக்கீல் உரிமம்.

என்னை உலுக்குவது 1858-ல் பியர்ட்ஸ்டவுனில் நடந்த கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட டஃப் ஆம்ஸ்ட்ராங், லிங்கனின் பழைய படையில் சார்ஜென்டாக இருந்தவரின் மகன். தகப்பன் உயிரோடு இல்லை. இரவில் நிலா வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பார்த்தேன் என்றார் சாட்சி. லிங்கன் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார்: அந்த நேரத்தில் நிலா அடிவானத்தை நெருங்கியிருந்தது, சாட்சி சொன்ன அளவு வெளிச்சம் இருந்திருக்காது. டஃப் விடுதலையானார். லிங்கன் ஃபீஸ் வாங்கவில்லை.

எல்லோரும் அந்தக் குறுக்கு விசாரணையைத்தான் புகழ்கிறார்கள். சரி, அது அபாரம்தான். எனக்கோ, 26 ஆண்டுகளுக்கு முந்தைய படைத் தோழமையை மறக்காமல் அந்தக் குடும்பத்துக்காக வந்து நின்றாரே, அதுதான் பெரிது.